நம் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகள்: கொஞ்சம் பழங்கதை, கொஞ்சம் கறாரான கருத்து



சென்ற காலாண்டுக் கூட்டத்தில், மூன்றாம் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் தம்பி ஒருவர் எழுந்து, "சார், நாங்க கடையநல்லூருக்குப் புதுசு. எந்தக் கடையில சாப்பிடலாம், எங்க போகக் கூடாதுன்னு ஒளிவுமறைவு இல்லாம நம்ம மடல்ல யாராவது எழுதுங்களேன்" என்று கேட்டது நினைவிருக்கும். பத்துப் பேர் பத்துக் கடையின் பெயரைச் சொன்னார்கள். பேச்சு பரோட்டாவில் ஆரம்பித்துச் சண்டையில் முடிந்தது. ஓய்வுபெற்ற வாத்தியார், வீட்டில் சும்மாதானே இருக்கிறார் என்று எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

கடைப் பெயரைப் போட்டுக் குறை எழுத மாட்டேன். காலையில் அந்தக் கடைக்காரர் முகத்தில் விழிக்க வேண்டியவன் நான். ஆனால் ஒரு கடையை எப்படி எடைபோடுவது என்று சொல்ல முடியும். அதற்கு முன், நம் பக்கத்தில் வெளியே சாப்பிடும் பழக்கமே எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் இன்றைக்கு நம் மெயின் ரோட்டில் ஏன் பத்தடிக்கு ஒரு பரோட்டாக் கல் இருக்கிறது, ஏன் ஒரு கடையிலும் கூட்டாஞ்சோறு கிடைப்பதில்லை என்பது விளங்கும்.

நம் ஊர்ப் பெயரே ஒரு ஏனத்திலிருந்து வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். கடகால் என்றால் பால் கறக்கும் பாத்திரம். கடகாலீஸ்வரர் கோயில் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாத்திரத்தின் பெயரைத் தாங்கிய ஊரில் சோறு விற்கும் கடை மட்டும் நெடுங்காலம் கிடையாது. இங்கே மட்டுமில்லை, தமிழ்நாட்டில் எங்கேயுமே சோற்றை விலைக்கு விற்பது இழிவு என்றுதான் நினைத்தார்கள். வழிப்போக்கனுக்குச் சத்திரம் இருந்தது. மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டதும் சத்திரம் கட்டியதும் இன்றுவரை தென்பக்கத்தில் பேசப்படுகிறது. மற்றபடி கட்டுச்சோறுதான். புளிச்சோறும் எள்ளுத் துவையலும் கட்டிக்கொண்டு வண்டி கட்டிப் போவார்கள், குளத்தங்கரையில் அவிழ்ப்பார்கள்.

இதை மாற்றியது ரயில். திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டைக்கு 1903-ல் ரயில் வந்தது. மறு ஆண்டே மலையைக் குடைந்து புனலூர் வழியாகக் கொல்லம் வரை போனது. விருதுநகர்–தென்காசிப் பாதை 1927-ல் திறந்தபோது கடையநல்லூருக்கும் நிலையம் கிடைத்தது. ரயிலில் போகிறவன் குளத்தங்கரையில் நிறுத்திச் சாப்பிட முடியாது. நிலையத்துக்குள்ளும் வெளியேயும் சோற்றுக்கடை வேண்டியிருந்தது. காப்பி கிளப், கிளப்புக்கடை என்ற பெயர்கள் அந்தக் காலத்தவை. என் பாட்டி கடைசிவரை ஓட்டல் என்று சொன்னதில்லை, 'கிளப்புக்கடை'தான். காப்பி நம் வீடுகளுக்குள் வந்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் எழுதியிருக்கிறார், கிடைத்தால் படியுங்கள். எங்கள் வீட்டில் அது 'கருப்பட்டிக் காப்பி' என்றாகி வெகுநாள் நின்றது.

கடை வந்தது. ஆனால் யார் உள்ளே உட்காரலாம்? இதைத்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தென்னிந்திய ரயில்வே நிலையங்களில் சிற்றுண்டிச் சாலை இரண்டாக இருந்தது. ஒன்று பிராமணர்களுக்கு, ஒன்று மற்றவர்களுக்கு. ஒரே டிக்கெட், ஒரே வண்டி, ஒரே பெட்டி. இறங்கிச் சாப்பிடும்போது மட்டும் வேறு வேறு வாசல். சுயமரியாதை இயக்கத்தாரும் நீதிக்கட்சியினரும் ஆண்டுக்கணக்கில் இதை எதிர்த்து எழுதினார்கள், பேசினார்கள். 1941-ல்தான் இந்தப் பிரிவினை எடுக்கப்பட்டது.

இதற்கும் முன்பே தமிழ்நாட்டு அரசியலைத் திசைதிருப்பிய ஒரு சாப்பாட்டுச் சண்டை நம் நெல்லைச் சீமையில்தான் நடந்தது. வ.வே.சு. ஐயர் 1922 இறுதியில் தொடங்கிய தமிழ்க் குருகுலம் சேரன்மகாதேவியில் நடந்துவந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி, முதலில் ஐந்தாயிரம் கொடுத்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படித்த அந்த இடத்தில் இரண்டு பிராமணச் சிறுவர்களுக்கு மட்டும் தனி இடத்தில் சாப்பாடு. பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு என்பது ஐயரின் விளக்கம். தனிப்பட்ட முறையில் அவர் சாதி பார்க்காதவர் என்று பெயர் எடுத்தவர். ஆனால் பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் தனிப் பந்தி எதற்கு என்று பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கேட்டார்கள். 1924, 25 ஆண்டுகளில் பத்திரிகைகள் முழுக்க இதே பேச்சு. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூன் 3-ஆம் தேதி பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றப் போய்த் தாமும் மாண்டார். அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் எடுபடாமல் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். அந்தக் கசப்பில் சேரன்மகாதேவிக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு பையன்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதா இவ்வளவு பெரிய விஷயம் என்று என் மாணவர்கள் கேட்பார்கள். ஆமாம், அதுதான் விஷயம் என்பேன்.

1950-ல் அரசியல் சட்டம் வந்தது. அதன் 15-ஆவது பிரிவில் கடை, உணவு விடுதி என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள்: சாதி, மதம் சொல்லி யாரையும் உள்ளே விடாமல் தடுக்கக் கூடாது. ஆனாலும் பலகைகளில் 'பிராமணாள்' என்ற சொல் நின்றது. 1957-ல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கஃபே முன் பெரியார் மறியல் தொடங்கினார். நாள்தோறும் தொண்டர்கள் கைதானார்கள், மாதக்கணக்கில். அடுத்த ஆண்டு பெயர்ப்பலகை மாறியது.

சரி, பட்டணத்துக் கதை போதும். என் கதையைச் சொல்கிறேன். 1960-களின் தொடக்கம். பக்கத்துக் கிராமத்து டீக்கடை ஒன்று. நான் ஆறாம் வகுப்பு. என்னோடு படித்த நண்பனும் நானும் பள்ளி விட்டு வரும் வழியில் என் ஐயா கொடுத்த காசில் டீ வாங்கினோம். எனக்குக் கண்ணாடிக் கிளாஸ் வந்தது, பெஞ்சில் உட்கார்ந்தேன். அவனுக்குச் சிரட்டை. அவன் ஓரமாகக் குந்தி இருந்து குடித்துவிட்டு, அதை அவனே கழுவிக் கவிழ்த்து வைத்தான். கடைக்காரரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. டீ நன்றாக இருந்தது என்றுகூட நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அவன் என்னோடு எந்த டீக்கடைக்கும் வந்ததில்லை. பரீட்சைக்குப் படிக்கணும், ஆடு பார்க்கணும் என்று ஏதாவது சொல்வான். ஏன் என்று எனக்கு விளங்கவே நாலைந்து வருஷம் ஆயிற்று.

இப்போது பரோட்டாவுக்கு வருகிறேன். தம்பி இதற்காகத்தான் காத்திருப்பார்.

கோதுமை நம் மண்ணில் விளைவதில்லை. அல்வாவுக்கு ஊறவைக்கக் கொஞ்சம் வாங்குவார்கள், அவ்வளவுதான். 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா அரிசி நின்றது. ரேஷன் வந்தது; அரிசிக்குப் பதில் கோதுமையை வாங்கு என்றார்கள். அதை என்ன செய்வதென்றே தெரியாமல் கஞ்சி காய்ச்சிப் பார்த்ததாக என் அம்மா சொல்வாள். சுதந்திரத்துக்குப் பிறகு 1956-ல் பி.எல். 480 திட்டத்தில் அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. 1965-ல் பஞ்சம் தலைகாட்டியபோது லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவு ஒரு வேளை விடுங்கள் என்றார். ஓட்டல்கள் அன்று இரவு அடுப்பை மூடின. 1967 தேர்தலில் ரூபாய்க்குப் படியரிசி என்ற பேச்சு ஏன் அவ்வளவு தூரம் எடுபட்டது என்பதை அந்த வருஷங்களில் வரிசையில் நின்றவர்களைக் கேளுங்கள்.

அரிசி தட்டுப்பாடு, மைதா தாராளம். கடை வைக்கிறவனுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இட்லிக் கடை என்றால் முதல்நாளே அரிசி உளுந்து ஊறவைத்து ஆட்டுக்கல்லில் ஆட்ட வேண்டும். விற்காவிட்டால் மாவு புளித்துப்போகும். மைதா மூட்டையோ கிடந்தபடி கிடக்கும். கூட்டத்தைப் பார்த்துப் பிசையலாம். பிசைந்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு உருண்டைகளை ஊறவிட்டால் வீசுவதற்கு மாஸ்டர் ஒருவர் போதும். ஒரு கல், ஒரு பலகை, நாலு பெஞ்சு. கொஞ்சம் எலும்பும் கறியும் போட்டுப் பெரிய சட்டி நிறையச் சால்னா. கறி வாங்கக் காசில்லாதவனும் கறி வாசத்தோடு வயிறு நிறையச் சாப்பிடலாம். குழித்தறியில் பகல் முழுக்கக் கால் மிதித்த நெசவாளிக்கு, கூலி கையில் வந்த அன்று, வேறென்ன வேண்டும்?

பரோட்டா முதலில் எங்கே பிறந்தது என்று கேட்டு என்னை வம்பில் மாட்டாதீர்கள். யாழ்ப்பாணம், தூத்துக்குடி, விருதுநகர், மலபார் என்று ஆளுக்கொரு கட்சி. ஆனால் நம் ஊருக்கும் கடல் கடந்த அடுப்புக்கும் உறவு உண்டு என்பதில் சந்தேகமில்லை. நெசவு நொடித்த காலங்களில் நம் ஊர் முஸ்லிம்கள் சிங்கப்பூருக்குப் போனார்கள். மற்ற ஊர்க்காரர்கள் ஆண்கள் மட்டும் போனபோது கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் குடும்பத்தோடு போனார்கள். தஞ்சோங் பகார் பக்கம் கூட்டமாகக் குடியிருந்தார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். 1941-ல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கினார்கள். 1946-ல் அங்கே உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளியே நடத்தினார்கள். அம்மியில் அரைத்த காசில் தமிழ்ப் பள்ளி. நம் ஊரைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால் இதைச் சொல்லுங்கள்.

பிறகு 'பார்டர்'. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதுவரை பிரானூர்தான் எல்லை. வண்டியை நிறுத்திச் சோதனை போடும் இடம். வண்டி நிற்கும் இடத்தில்தானே அடுப்பு புகையும். எல்லை மலைமேல் கோட்டைவாசலுக்குப் போய் ஏறக்குறைய எழுபது வருஷம் ஆகிறது. 'பிரானூர் பார்டர்' என்ற பெயர் மட்டும் போகவில்லை. பார்டர் ரஹ்மத் கடைக்குச் சீசனில் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் கார் வருகிறது. சின்னப் பரோட்டா, வாழையிலை, மிளகு தூக்கலான நாட்டுக்கோழி, காடை. என் கருத்தைக் கேட்டால்: ஜூன், ஜூலை, ஆகஸ்டில் அந்தப் பக்கம் போகாதீர்கள். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் அங்கே இலைக்கு ஆள் முதுகுக்குப் பின்னால் நிற்பான். நிம்மதியாக மெல்லக்கூட முடியாது. ஜனவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் போங்கள்.

பிரியாணிக்குச் சங்கரன்கோவில் சுல்தான் கடையைச் சொல்வார்கள். ஆட்டுக்கறிப் பிரியாணி, எனக்கும் பிடிக்கும். ஆனால் உள்ளூர்க் கல்யாண வீட்டு நெய்ச்சோறும் தால்சாவும் சாப்பிட்டவர்களுக்கு எந்தக் கடைப் பிரியாணியும் இரண்டாம்பட்சம்தான். அழைப்பு வந்தால் தவறவிடாதீர்கள்.

புதிதாக வந்திருப்பவை மந்தி, அல்ஃபாம், ஷவர்மா. வளைகுடாவிலிருந்து வந்த பணமும் நாக்கும் கொண்டுவந்தவை. மந்தி நல்ல சாப்பாடு. நாலு பேர் ஒரே தாலத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவதை நான் ரசிக்கிறேன். என் பாட்டி பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பாள். ஷவர்மாவில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயது மாணவி ஒருத்தி ஷவர்மா சாப்பிட்டு இறந்தது மறந்துபோய்விட்டது. வெந்ததும் வேகாததும் ஒரே கம்பியில் சுற்றுகிற பண்டம் அது. கூட்டமில்லாத கடையில், பிற்பகலில், வாங்கவே வாங்காதீர்கள். பச்சை முட்டை மயோனைஸை அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது. அப்போது நம் பக்கத்துக் கடை ஒன்றில் கேட்டேன். "முட்டை இல்லாததுதான் சார்" என்றார் பையன். பாட்டிலில் ஒட்டுச்சீட்டே இல்லை. நான் சட்னி தொட்டுக்கொண்டேன்.

இனி என் எடைக்கல். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் கண்ணில் படும்படி இருக்க வேண்டும்; 2011-லிருந்து இது சட்டம். பில்லில் ஜி.எஸ்.டி. போட்டால் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். கை கழுவும் தொட்டியைப் பாருங்கள், சமையலறை எப்படி இருக்கும் என்று அது சொல்லிவிடும். கொதிக்கும் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டுகிற கடைக்குத் தூக்குவாளி கொண்டுபோங்கள். கொடுத்தால் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. காலை டிபனுக்கு ஆறரை மணிக்குப் போங்கள், ஒன்பதுக்கு மேல் சட்னியில் தண்ணீர் ஏறிவிடும்.

அப்புறம் ஒன்று. வேலை செய்கிறவர்கள் உட்கார ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். 2018-ல் கேரளமும், 2021-ல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தி, கடைகளில் வேலை செய்வோருக்கு இருக்கை தர வேண்டும் என்று ஆக்கின. நெருப்பு முன் எட்டு மணி நேரம் நிற்கிற பரோட்டா மாஸ்டரின் காலை ஒருநாள் பாருங்கள். நரம்பு சுருண்டு கிடக்கும். ஸ்டூல் போட்டிருக்கிற இரண்டு கடைகள் நம் ஊரில் எனக்குத் தெரியும். நான் அவற்றுக்குத்தான் போகிறேன், அவற்றில் ஒன்றில் சால்னா சுமார்தான் என்றாலும்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் மனைவி இந்த மடலைக் கிழித்துப்போடுவாள், இணையத்தில் வருவதால் தப்பித்தேன். தனியாக ஒரு பெண் போய் இரண்டு தோசை சாப்பிட்டு வரக்கூடிய கடைகள் நம் ஊரில் எத்தனை? 'ஃபேமிலி ரூம்' என்ற திரை போட்ட அறைதான், அதிலும் மின்விசிறி ஓடாது. இதே ஊர்ப் பெண்கள் எண்பது வருஷம் முன்னால் கடல் தாண்டிச் சந்தையில் உட்கார்ந்து வியாபாரம் செய்தவர்கள்.

கூட்டாஞ்சோறு, சொதி, உளுந்தம்பருப்புச் சோறு, உளுந்தங்களி, இதெல்லாம் ஏன் எந்தக் கடையிலும் இல்லை? வீட்டில் கிடைப்பதற்கு யார் காசு கொடுப்பார்கள் என்கிறார்கள் கடைக்காரர்கள். எத்தனை வீட்டில் இப்போது கிடைக்கிறது? மேலத்தெரு வீடு ஒன்றில் வெள்ளிக்கிழமை சொதியும் இடியாப்பமும் செய்து தருகிறார்கள். முந்தின நாளே சொல்ல வேண்டும். விவரம் நம் அலுவலகத்தில் கேளுங்கள்.

கடைசியாக, இதைச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒளிவுமறைவில்லாமல் என்று கேட்டதால் சொல்கிறேன். போன பொங்கலுக்கு நம் சங்கம் நடத்திய விருந்து நினைவிருக்கிறதா? சாமியானா, வரிசையாக மேஜை, வாழையிலை, பதினாறு வகை. குறை ஒன்றுமில்லை. நம் தெருக்களைக் கூட்டுகிற நாலு பெண்களுக்கும், சாக்கடை அள்ளுகிற இரண்டு பேருக்கும், காலையிலேயே பொட்டலம் கட்டிக் கேட்டருகில் வைத்துக் கொடுத்துவிட்டோம். மரியாதையாகத்தான் கொடுத்தோம், வேட்டி சேலையோடு. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. சேரன்மகாதேவியிலும் இருந்திருக்காது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அந்த அம்மா ஒருத்தி பந்தியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். நான் இலையில் பாயசத்துக்கு இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். சிரட்டையைக் கழுவிக் கவிழ்த்த என் நண்பன் நினைவு அன்று இரவுதான் வந்தது.

வரும் பொங்கல் விருந்துக்கு இலைக் கணக்கு போடும்போது ஆறு இலை சேர்த்து, முதல் பந்தியிலேயே போடும்படி செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கூட்டம். வந்து கையைத் தூக்குங்கள். சமையல்காரரை இன்னும் பேசி முடிக்கவில்லை. போன தடவை அவியலில் தேங்காய் போதவில்லை. அதையும் அன்றைக்கே பேசிக்கொள்ளலாம்.